பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் நலனும்: குடும்பநல நீதிமன்றங்களின் முன் ஒரு பழைய வினா

பெற்றோர் பிரிந்தபின் குழந்தை யாரிடம் வளர வேண்டும், அதன் செலவை யார் ஏற்க வேண்டும் என்னும் வினா விவாகரத்துச் சட்டத்தைவிடப் பழையது. இந்துக்களுக்கு விவாகரத்து நாடு முழுவதற்குமான சட்டமாக 1955இல்தான் கிடைத்தது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சில ஆண்டுகள் முந்திக்கொண்டது. ஆனால் குழந்தையைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரும் மனுக்கள் அதற்கு வெகுமுன்பே, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின்கீழ், மாவட்ட நீதிமன்றங்களில் தாக்கலாகி வந்தன. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தந்தைக்கே உரிமை என்ற விடையும், தாயே வளர்க்கட்டும் என்ற விடையும், இருவருக்கும் பங்கு என்ற விடையும் ஏறத்தாழ அதே சட்டச் சொற்களுக்குள் மாறி மாறிக் குடியேறியிருக்கின்றன.

விடைகளை ஆராயுமுன் சில வேறுபாடுகளைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. குழந்தையின் சொத்து, கல்வி, மருத்துவம், கடவுச்சீட்டு போன்றவற்றில் அதன் சார்பாகச் சட்டப்படி முடிவெடுக்கும் தகுதி காப்பாளர் நிலை எனப்படும். குழந்தையை அன்றாடம் தம்முடன் வைத்து வளர்ப்பது வளர்ப்புப் பொறுப்பு எனப்படும். முன்னது தந்தையிடமும் பின்னது தாயிடமும் இருப்பது இந்தியாவில் புதிதன்று. இவற்றோடு, நீதிமன்றப் பேச்சுவழக்கில் ஜீவனாம்சம் என்று வழங்கும் பராமரிப்புத் தொகை மூன்றாவதாகச் சேர்கிறது. மூன்றும் ஒரே குழந்தையைப் பற்றியவை; எனினும் வெவ்வேறு சட்டங்களில், பல வேளைகளில் வெவ்வேறு மனுக்களில் கிளைத்து நிற்கின்றன. இந்தப் பிளவு வெறும் அலுவல்முறைச் சிக்கல் அன்று என்பது போகப்போகத் தெரியவரும்.

தந்தையின் உரிமை

ஆங்கிலேயப் பொதுச்சட்டம் குழந்தையைத் தந்தையின் உரிமைப்பொருளுக்கு நெருக்கமான ஒன்றாகவே நடத்தியது. 1804இல் பால்குடி மறவாத எட்டு மாதக் குழந்தையைத் தாயிடமிருந்து பறித்துச் சென்ற தந்தையின் செயலில் இங்கிலாந்து நீதிமன்றம் தலையிட மறுத்தது. 1883இலும் பதினாறு வயது மகள்மீது தந்தைக்குள்ள அதிகாரத்தில் தலையிட நீதிமன்றங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை அங்கே உயிருடன் இருந்தது. இந்தப் பின்புலத்தில் பிறந்ததே 1890ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு குழந்தையின் வயது, பால், சமயம், காப்பாளராக வர விரும்புவோரின் ஒழுக்கம், திறன், உறவின் நெருக்கம் ஆகியவற்றைக் கருதி நலன் பார்க்கச் சொன்னது. எனினும், தந்தை உயிரோடிருந்து தகுதியற்றவர் எனக் காணப்படாதவரை வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்று 19ஆம் பிரிவு அந்த நலனுக்கு வேலி கட்டியது. அந்தப் பிரிவில் தந்தையோடு தாயும் சேர்க்கப்பட்டது 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

இக்கொள்கையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டிய வழக்கு சென்னையிலேயே நடந்தது. அடையாற்றின் பிரம்மஞான சபையில் பணியாற்றிய நாராயணய்யா, தம் புதல்வர்கள் ஜே. கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவரின் காப்பாளர் பொறுப்பை 1910இல் எழுத்து மூலம் அன்னி பெசன்டிடம் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறி 1912இல் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913இல் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. தந்தையின் காப்பாளர் நிலை ஒரு நம்பிக்கைப் பொறுப்பு, அதை மீளப்பெற முடியாதபடி பிறருக்குக் கைமாற்ற இயலாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் சிறுவர்கள் இங்கிலாந்தில் இருக்கையில், அவர்களது நலனும் விருப்பமும் முறையாக அறியப்படாமல், அவர்களை இந்தியாவுக்குத் திருப்பியனுப்பச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. தந்தையின் உரிமை ஒருபுறம் புனிதமாக்கப்பட, மறுபுறம் பிள்ளையின் விருப்பம் என்னும் விதையும் அதே தீர்ப்பில் விழுந்தது.

சுதந்திர இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இந்த மரபைத் துறந்துவிடவில்லை. இந்துக் குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று அதன் 6ஆம் பிரிவு வரிசைப்படுத்தியது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தாயின் கையொப்பம் போதாது என்று ரிசர்வ் வங்கி மறுத்ததிலிருந்து எழுந்த வழக்கில், 1999இல் உச்சநீதிமன்றம் இந்த வரிசையை மறுவிளக்கம் செய்தது: தந்தையின் மரணத்துக்குப் பின் என்பது மட்டுமே பொருளன்று, தந்தை குழந்தையின்மீது அக்கறையற்று இருந்தாலோ, பெற்றோருக்குள் உடன்பாடு இருந்தாலோ, தந்தை வெகுதொலைவில் இருந்தாலோ தாய் காப்பாளராகலாம் என்றது. சட்டத்தைச் செல்லாததாக்காமல் காப்பாற்ற நீதிமன்றம் மேற்கொண்ட வழி அது. விளைவு தாய்மாருக்கு உதவியது. ஆயினும், தந்தை ஏதேனும் ஒருவகையில் இல்லாமல் போனால்தான் தாய் வருகிறார் என்ற அடுக்குமுறை அப்படியே நின்றது. 2015இல் திருமணமாகாத தாயொருவர், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே காப்பாளராக நியமனம் கோரலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது இன்னொரு திறப்பு. தந்தைமுதன்மைக் கொள்கைக்கு இன்று வெளிப்படையாக வாதிடுவோர் அரிது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும் வங்கிக் கணக்கிலும்தான் அது நீண்டகாலம் தங்கியிருந்தது.

இளம்பருவமும் தாயும்

தந்தையுரிமைக்கு முதல் மாற்றாக எழுந்தது இளம்பருவக் கொள்கை. சிறு குழந்தைக்குத் தாயின் அணைப்பு இன்றியமையாதது என்பதே அதன் சாரம். தம் பிள்ளைகளைக் கணவரிடம் இழந்த எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் இடைவிடாத முயற்சியால், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கோரி நீதிமன்றம் செல்லும் உரிமையை 1839ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்துத் தாய்மாருக்குத் தந்தது. 1873இல் அவ்வயது பதினாறாக உயர்ந்தது. இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு இன்னும் பழைய, தனித்துவமான வடிவம் உண்டு: ஹிஸானத் எனப்படும் வளர்ப்புரிமை தாய்க்குரியது. ஹனஃபி மரபில் ஆண்குழந்தைக்கு ஏழு வயது வரையும் பெண்குழந்தைக்குப் பருவமடையும் வரையும் அது நீடிக்கும். காப்பாளர் நிலை மட்டும் தந்தையிடம் இருக்கும். இந்துச் சட்டம் 1956இல் ஐந்து வயதை எல்லையாகக் கொண்டு, அதுவரை குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கொள்கைக்கு உளவியல் துணைநின்றது. ஜான் பவுல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாய்மைப் பராமரிப்பு அறுபடுவதன் தீங்கை வலியுறுத்தியது. பிற்கால ஆய்வாளர்கள் அதைத் திருத்தி, குழந்தைக்குத் தேவை நிலையான நெருக்கமான பராமரிப்பாளரே, அவர் தாயாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்றனர். இத்திருத்தம் வழக்குரைகளுக்குள் வந்துசேரக் காலம் பிடித்தது. 2015இல் உச்சநீதிமன்றம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றிய வழக்கில், தாய் தகுதியற்றவர் என்று நிறுவும் சுமை தந்தையுடையது என்று தெளிவுபடுத்தியது.

இக்கொள்கையின் குறைகள் இரு திசைகளிலிருந்து சுட்டப்பட்டுள்ளன. ஐந்தாவது பிறந்தநாளில் குழந்தையின் தேவை திடீரென மாறிவிடுவதில்லை என்பது எளிதான மறுப்பு. பெண்ணிய நோக்கில் எழும் மறுப்பு ஆழமானது: தாய்க்கு வளர்க்கும் உழைப்பைத் தந்துவிட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தராத ஏற்பாடு இது, அத்துடன் நல்ல தாய் யார் என்ற விசாரணையையும் உடன் கொண்டுவருகிறது. தாயின் வேலை நேரம், நட்பு, மறுமணம், புகுந்த வீட்டைவிட்டு வெளியேறிய விதம் எல்லாம் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகின்றன. தந்தைக்கு வேலை நேரம் ஒரு குறையாக அரிதாகவே எண்ணப்படுகிறது.

நலன் எனும் அளவுகோல்

இவ்விரண்டுக்கும் மேலாக இன்று எல்லா நீதிமன்றங்களும் ஏற்பது குழந்தையின் நலனே தலையாயது என்னும் அளவுகோல். இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதை எழுத்தில் பதித்தன. 1992 டிசம்பரில் இந்தியா இணைந்த ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இதற்கு உலகளாவிய உறுதி தந்தது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்சநீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று கூறி, பெற்றோரின் உரிமைப் போட்டியிலிருந்து பார்வையைக் குழந்தையின் பக்கம் திருப்பியது. வளர்ப்புப் பொறுப்பு பற்றிய எந்த ஆணையும் இறுதியானதன்று, சூழல் மாறினால் திருத்தத்தக்கதே என்பதும் அதனுடன் நிலைபெற்றது. நலன் என்பது பணவசதி மட்டுமன்று, உடலும் உள்ளமும் ஒழுக்கமும் சார்ந்தது என்று பிந்தைய தீர்ப்புகள் விரித்தன.

இதை மறுக்க யாருமில்லை; இதன் பலவீனமும் அதுவே. அமெரிக்கச் சட்ட அறிஞர் ராபர்ட் மனூக்கின் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கூர்மையாக எடுத்துக்காட்டினார். குழந்தை ஒருவரிடம் வளர்ந்தால் எப்படி இருக்கும், மற்றவரிடம் வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று கணிக்க நீதிபதிக்குத் தகவலும் இல்லை, கணிப்பு முறையும் இல்லை. அவை இரண்டும் இருந்தாலும், மகிழ்ச்சி, கல்வி, சமயம், ஒழுக்கம் ஆகியவற்றுள் எதை உயர்வாக மதிப்பது என்பதில் சமூகத்துக்குள் ஒருமித்த கருத்தில்லை. நார்வே சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் இவ்வாதத்தை அதன் எல்லைக்கே கொண்டுசென்று, இருவரும் தகுதியுள்ள பெற்றோராயின் நீண்ட வழக்கு இழைக்கும் தீங்கைவிடக் காசு சுண்டித் தீர்மானிப்பது குழந்தைக்குக் குறைந்த கேடு தரலாம் என்றார். எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் வழக்கே ஒரு தீங்கு என்னும் அதன் அடிப்படைக் கூற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

நலன் என்னும் சொல்லுக்குள் உறுதியான உள்ளடக்கம் வைக்க முயன்றவர்களும் உண்டு. ஜோசப் கோல்ட்ஸ்டைன், அன்னா ஃபிராய்ட், ஆல்பர்ட் சோல்னிட் மூவரும் 1973இல் எழுதிய நூல், குழந்தை உளவியல் ரீதியாக யாரைப் பெற்றோராக உணர்கிறதோ அவரிடமே அது இருக்க வேண்டும், மற்றவர் குழந்தையைச் சந்திப்பதும் அவரது இசைவுக்கு உட்பட்டதே என்ற கடுமையான நிலையை எடுத்தது. மேற்கு வர்ஜீனியா உச்சநீதிமன்றம் 1981இல், பிரிவுக்கு முன் உணவூட்டல், குளிப்பாட்டல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் முதலியவற்றை முதன்மையாகச் செய்தவர் யார் என்று பார்த்து அவரிடம் ஒப்படைக்கும் விதியை வகுத்தது. பால்வேறுபாடு பாராத, நிறுவ எளிதான விதி அது. எனினும் கடந்தகால உழைப்பு எதிர்கால நலனுக்குச் சான்றாகுமா என்ற ஐயம் நீங்கவில்லை, நடைமுறையில் அது தாய்க்குச் சாதகமாகவே முடிந்தது என்ற முறையீடும் ஓயவில்லை. இந்தியத் தீர்ப்புகளில் இவ்விதி பெயர்சொல்லி ஏற்கப்படவில்லையாயினும், குழந்தையின் பழகிய சூழலைக் குலைக்கலாகாது என்ற வாதமாக வேறு வேடத்தில் அடிக்கடி வருகிறது.

இருவருக்கும் பங்கு

யாரிடம் என்று கேட்பதே தவறு, இருவரிடமும் வளரட்டும் என்பது கூட்டுப் பொறுப்புக் கொள்கை. கலிஃபோர்னியாவில் 1970களின் இறுதியில் சட்டமாகிப் பரவிய இக்கருத்து, இந்தியாவில் 2013இல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓர் ஆணையில் ஆண்டை இரண்டாக வகுத்து முதல் ஆறு மாதம் தந்தையிடமும் அடுத்த ஆறு மாதம் தாயிடமும் சிறுவன் இருக்க வேண்டும் என்ற வடிவில் வெளிப்பட்டது. 2015 மே மாதம் வெளிவந்த இந்தியச் சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கை, காப்பாளர் நிலையில் தந்தையின் முதன்மையை நீக்கித் தாய்க்குச் சமநிலை தரவும், பொருத்தமான சூழலில் கூட்டுப் பொறுப்பு வழங்க நீதிமன்றத்துக்கு வெளிப்படையான அதிகாரம் தரவும் பரிந்துரைத்தது. சமநிலைப் பரிந்துரை 1989ஆம் ஆண்டின் 133ஆவது அறிக்கையிலேயே இடம்பெற்றிருந்தது.

சட்ட ஆணையம் கூட்டுப் பொறுப்பை ஒரு வாய்ப்பாக முன்வைத்ததே தவிர, எல்லா வழக்கிலும் முற்கோளாக, அதாவது மறுத்து நிறுவப்படும்வரை ஏற்கப்படும் அனுமானமாக, கொள்ளச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இத்தயக்கத்துக்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் வலுவூட்டுகிறது. பெற்றோர் பொறுப்பைச் சமமாகப் பகிர்வதே குழந்தைக்கு நல்லது என்ற முற்கோளை 2006இல் சட்டமாக்கிய அந்நாடு, அது சமமான நேரப் பங்கீட்டுக்கான உரிமை எனத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதையும், குடும்ப வன்முறை உள்ள இடங்களில் தாயும் சேயும் ஆபத்துக்கு ஆளாவதையும் கண்டு, 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அம்முற்கோளையே நீக்கியது. திருத்தம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பெற்றோரிடையே கூட்டுப் பொறுப்பு நன்கு நடக்கலாம் என்பதில் பரவலான இசைவு உண்டு. ஆனால் அத்தகையோர் பெரும்பாலும் தீர்ப்பு வரை வருவதில்லை. கடைசிவரை வழக்காடுவோருக்கு அதை விதிப்பது சண்டையை நிரந்தரமாக்குமா, தணிக்குமா என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. இரண்டு வீடுகளை ஒரே பள்ளிக்கு அருகில் வைத்துக்கொள்ளும் வசதி எத்தனை பேருக்கு உண்டு என்ற நடைமுறைக் கேள்வி இந்திய விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை.

பிள்ளையின் குரல்

அறிவுடன் விருப்பம் சொல்லும் வயதுள்ள குழந்தையின் கருத்தை நீதிமன்றம் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. 2008இல் உச்சநீதிமன்றம், சிறுவனிடம் நேரில் கேட்காமலே தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்ட கீழ்நீதிமன்றங்களின் போக்கைக் குறைகூறியது. நீதிபதி தம் அறையில் குழந்தையுடன் தனியே பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பேச்சைப் பதிவு செய்வதா, இரு தரப்புக்கும் தெரிவிப்பதா, உளவியலாளர் உடனிருக்க வேண்டுமா என்பவற்றில் நாடு முழுவதற்குமான ஒரே நடைமுறை இல்லை.

குழந்தையின் சொல் யாருடைய சொல் என்ற ஐயம் இங்கே எழுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் முன்வைத்த பெற்றோர் அந்நியமாக்கல் நோய்க்குறி என்னும் கருத்து, உடன் வாழும் பெற்றோர் மற்றவர்மீது குழந்தையின் மனத்தில் வெறுப்பை ஊட்டுவதாகக் கூறியது. மனநல மருத்துவத்தின் அதிகாரபூர்வ நோய்ப்பட்டியல்களில் அது இடம்பெறவில்லை. வன்முறைக்கு அஞ்சி விலகும் குழந்தையையும் அதைக் காக்கும் தாயையும் குற்றவாளியாக்க அது பயன்படுகிறது என்று 2023இல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் எச்சரித்தார். உச்சநீதிமன்றத்தின் போக்கும் ஊசலாடியிருக்கிறது. 2017இல் சிறுவயதிலேயே தாயைப் பிரிந்து தந்தையிடம் வளர்ந்து தந்தையையே விரும்பிய சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கையில் அது இக்கருத்தைத் துணைக்கழைத்தது. 2024இலோ, குறிப்பிட்ட செயல்களைச் சான்றுடன் இனங்காணாமல் ஒரு பெற்றோர்மீது இம்முத்திரையைக் குத்தலாகாது என்றது. பிந்தைய நிலையே பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. செயலைச் சான்றுகொண்டு காட்டவும் மறுக்கவும் முடியும். நோய்க்குறியை மறுப்பதே அதன் அறிகுறியாகக் கொள்ளப்பட்டுவிடும்.

வாய்தாக்களின் தீர்ப்பு

மேற்கண்ட கொள்கைகள் எல்லாம் இறுதித் தீர்ப்பை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. குடும்பநல நீதிமன்றத்தில் குழந்தையின் வாழ்க்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இறுதித் தீர்ப்பன்று. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம், சாதாரண உரிமையியல் வழக்குகளின் இழுபறியிலிருந்து குடும்பத் தகராறுகளை விடுவிக்கவே இயற்றப்பட்டது. அதன் 9ஆம் பிரிவு முதலில் சமரசத்துக்கு முயலப் பணிக்கிறது; 12ஆம் பிரிவு மருத்துவ, நல்வாழ்வு வல்லுநர்களின் உதவியைப் பெற இடமளிக்கிறது; 13ஆம் பிரிவு வழக்கறிஞர் வழியே வாதிடுவதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. நடைமுறையில் வழக்கறிஞர் அனுமதிக்கப்படுவதே வழக்கம். கலந்தாய்வு, பதிலுரை, இடைக்கால மனு, அதன்மீது மேல்முறையீடு என்று வாய்தாக்கள் நீள, அதுவரை குழந்தை யாரிடம் இருந்ததோ அவரிடமே வேரூன்றிவிடுகிறது. இறுதி விசாரணை வரும்போது பழகிய சூழலைக் குலைப்பது நலனன்று என்ற வாதம் தானாகவே வென்றுவிடுகிறது. முதலில் குழந்தையைத் தூக்கிச் சென்றவருக்கே காலம் சான்றாகிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. ஆனால் அரைகுறையாகவே எதிர்கொண்டது. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வழக்கு நிலுவையிலிருக்கும்போதே குழந்தைகளின் வளர்ப்புப் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி மூன்றுக்கும் இடைக்கால ஆணை பிறப்பிக்க வழிசெய்கிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், பராமரிப்பு மற்றும் கல்விச் செலவு பற்றிய மனுவை எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று கெடு விதித்தது. அதே பிரிவின் வளர்ப்புப் பொறுப்பு மனுவுக்குக் கெடு இல்லை. பணம் தாமதமாகலாகாது என்று கருதிய நாடாளுமன்றம், குழந்தையின் காலத்தைப் பற்றி அவ்வாறு கருதவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு இரண்டு ஆண்டு என்பது அதுவரை வாழ்ந்த வாழ்வின் பெரும்பகுதி. இப்பொருளில் நடந்த வாதங்களுள் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும், திருத்துவதற்கு மிக எளியதும் இதுவே எனலாம்.

எந்த நீதிமன்றத்தை அணுகுவது என்பதே சில வேளைகளில் காலத்தைத் தின்கிறது. சென்னையில், உயர்நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லையிலும் காப்பாளர் மனு தாக்கல் செய்யும் பழைய வழக்கம் உண்டு. குடும்பநல நீதிமன்றச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பறித்துவிட்டதா என்ற கேள்வி ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்று, 2022இல் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில்தான் பறிக்கவில்லை என்று முடிவானது. வேறு வழியாக, ஆட்கொணர்வு மனுவின் மூலம், அதாவது சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனுவின் மூலம் குழந்தையைக் கேட்பதும் உண்டு. அது விரைவானது, ஆனால் ஆழ்ந்த விசாரணைக்கு ஏற்றதன்று.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெற்றோர் குழந்தையுடன் தாயகம் திரும்பும் வழக்குகளில் இந்த விரைவுக்கும் விசாரணைக்குமான இழுவிசை வெளிப்படையாகத் தெரியும். இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்கு அழைத்துவரப்பட்ட சிறுமியர் பற்றிய வழக்கில், முதலில் பயனுள்ள ஆணை பிறப்பித்த வெளிநாட்டு நீதிமன்றத்துக்கே முன்னுரிமை என்று 2015இல் உச்சநீதிமன்றம் கூறியது. இரண்டே ஆண்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்து, வெளிநாட்டு ஆணை கருதத்தக்க காரணிகளுள் ஒன்று மட்டுமே என்றது. குழந்தைகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் வன்முறைக்குத் தப்பி வந்த தாய்மார் திருப்பியனுப்பப்படுவர் என்ற அச்சமும், சேராவிட்டால் இந்தியா கடத்தலின் புகலிடமாகும் என்ற குற்றச்சாட்டும் ஒன்றையொன்று நிறுத்தி வைத்திருக்கின்றன.

தனி வழக்காக நிற்கும் பணம்

குழந்தையைப் பராமரிக்கும் கடமைக்கு இந்தியாவில் இரட்டை மூலம் உண்டு. ஒன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு நிற்கிறது. சமயம் பாராத இவ்வழியில் 2001 வரை மாதத்துக்கு 500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. மற்றது அவரவர் தனிச்சட்டம். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இக்கடமையைத் தந்தை தாய் இருவர்மீதும் சுமத்துகிறது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளின் உரிமையைக் குறைக்கவில்லை, 125ஆம் பிரிவின்கீழ் அது தனித்து நிற்பது என்று 1997இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

தொகையைக் கணக்கிடும் முறையில்தான் குழப்பம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்க மாநிலங்கள் ஆகியவை 1980களின் இறுதியிலிருந்து வருமானத்தையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் கொண்டு தொகையைத் தரும் வாய்பாடுகளுக்கு மாறின. இந்தியாவில் வாய்பாடு இல்லை. டில்லி உயர்நீதிமன்றம் 2004இல் குடும்ப வருமானத்தைப் பங்குகளாக்கி, சம்பாதிப்பவருக்கு இரண்டும் ஏனையோருக்கு ஒவ்வொன்றுமாக வகுத்துப் பார்த்ததும், நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு என்ற அளவை உச்சநீதிமன்றம் 2017இல் எடுத்தாண்டதும் வழிகாட்டும் முயற்சிகள் மட்டுமே. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்சநீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிய உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், தொகை மனு தாக்கலான நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் விதித்தது. குழந்தையின் கல்விச் செலவைத் தந்தை ஏற்பது வழக்கம், தாயும் போதிய வருமானம் ஈட்டினால் விகிதப்படி பகிரலாம் என்றது. மாதச் சம்பளக்காரரிடம் இது பயன்தரும். ரொக்கத்தில் நடக்கும் வணிகத்திலும் அமைப்புசாரா வேலையிலும் உள்ளவரின் உண்மை வருமானத்தை உறுதிமொழிப் பத்திரம் வெளிக்கொணரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. செலுத்தத் தவறினால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை என்ற ஏற்பாடும், சிறைப்பட்டவர் சம்பாதிக்க முடியாது என்ற எளிய காரணத்தால், குழந்தையின் வயிற்றுக்கு நேரடியாக உதவுவதில்லை.

வளர்ப்புப் பொறுப்பும் பணமும் தனித்தனி வழக்குகளாக நடப்பதன் விளைவு பேரம். மனூக்கினும் லூயிஸ் கார்ன்ஹவுசரும் 1979இல் காட்டியபடி, பெரும்பாலான பெற்றோர் சட்டத்தின் நிழலில் அமர்ந்தே பேசி முடிக்கின்றனர். தீர்ப்பு எப்படி வருமெனத் தெரியாத இடத்தில், குழந்தையை இழக்க அஞ்சுபவர் பணத்தை விட்டுக்கொடுக்கிறார். ஜீவனாம்சம் கேட்டால் பிள்ளையைக் கேட்பேன் என்னும் மிரட்டல் குடும்பநல நீதிமன்ற வளாகங்களில் புதிதன்று. சந்திப்பு மறுக்கப்பட்டால் பணத்தை நிறுத்துவதும், பணம் நின்றால் சந்திப்பை மறுப்பதும் இதன் மறுபக்கம். இரண்டும் குழந்தைக்குரியவை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடன்று என்ற கொள்கை இதைத் தடுத்து நிறுத்தியதாகத் தெரியவில்லை. அதே வேளையில் இரண்டையும் இறுக்கமாகப் பிணைப்பதும் ஆபத்தே: குழந்தை ஆண்டில் 52 இரவுகளேனும் தந்தையிடம் தங்கினால் தொகை குறையும் என்ற பிரிட்டன் முறையில், இரவுகளின் எண்ணிக்கையே வழக்காகிறது.

தீராதவை

தந்தைமுதன்மை கொள்கையளவில் தோற்றுவிட்டது. ஆயினும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரிசை எழுத்தில் அப்படியே இருக்கிறது, 257ஆவது அறிக்கையின் சட்டவரைவும் சட்டமாகவில்லை. நலன் என்னும் அளவுகோலுக்கு மாற்று எதுவும் கண்ணுக்கெட்டும் தொலைவில் இல்லை. அதன் நெகிழ்ச்சி நீதிபதியின் சார்புகளுக்கு இடமளிக்கிறது என்பதும், உறுதியான விதிகள் விதிவிலக்கான குழந்தையைப் பலிகொடுக்கும் என்பதும் ஒருசேர உண்மையாகவே தோன்றுகின்றன. இவற்றுக்கிடையே, இடைக்கால வளர்ப்புப் பொறுப்பு மனுவுக்கும் கெடு விதித்து, அம்மனுவையும் பராமரிப்பு மனுவையும் ஒரே நாளில் ஒரே நீதிபதி கேட்கச் செய்வதற்குப் பெரிய கொள்கைமாற்றம் எதுவும் தேவைப்படாது. ஆனால் 60 நாள் கெடுவே பல இடங்களில் காகிதத்தோடு நிற்கும் நிலையில், இன்னொரு கெடுவால் மட்டும் என்ன ஆகும் என்ற ஐயம் நியாயமானதே. நீதிபதிகள், பயிற்சி பெற்ற கலந்தாய்வாளர்கள், குழந்தை உளவியலாளர்கள் ஆகியோரின் எண்ணிக்கையை உயர்த்தாமல் அது நடவாது. இடைக்கால ஆணைகள் எத்தனை இறுதியில் மாறின, எத்தனை அப்படியே நிலைத்தன என்பதை நீதிமன்றங்களே தொகுத்து வெளியிடத் தொடங்கினால், வாய்தாக்கள் எந்த அளவுக்குத் தீர்ப்பெழுதுகின்றன என்பதை அளந்தறிய இயலும். சட்டத்தை எங்கே திருத்துவது என்னும் விவாதம் அந்தக் கணக்கு வரும்வரை ஊகத்தின்மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது.